ஒட்டுக் கப்பல்

போர்க் கப்பல்களின் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் அவை எத்தனை பீரங்கிகளைத் தாங்கின, எத்தனை பகைக்கலங்களை மூழ்கடித்தன என்பவற்றையே எண்ணிச் சொல்வர். கப்பலின் பெருமை கடலிலே விளைவது என்பது பொதுவான எண்ணம். பிரிட்டிஷ் கடற்படையில் 1917 முதல் 1919 வரை இருந்த ‘சூபியன்’ என்னும் நாசகாரிக் கப்பலின் பெருமையோ கரையிலே, பட்டறையிலே விளைந்தது. அதனை ஒரு விநோதமாகக் கூறி நகைத்துவிட்டுப் போவது பலர் வழக்கம். அது நாம் ஊன்றிக் கற்கவேண்டிய ஒரு பாடம் என்பதே என் கருத்து.

கடற்படைத் தலைவர் ஜான் பிஷரின் விருப்பப்படி, மணிக்கு 33 கடல் மைல் ஓடத்தக்க பன்னிரண்டு நாசகாரிகளைக் கட்டும் பணி 1905ஆம் ஆண்டுத் திட்டத்தில் தொடங்கிற்று. அவற்றிற்கு உலகின் பற்பல இனத்தாருடைய பெயர்கள் இடப்பட்டன. எண்ணெயை எரித்து டர்பைன் யந்திரங்களால் இயங்கிய அவை வேகத்திற் சிறந்தவை. எண்ணெய் கொள்ளும் அளவு குறைந்தமையால் நெடுந்தொலை செல்ல வல்லவை அல்ல. அவற்றுள், தென்னாப்பிரிக்க மக்களின் பெயரைப் பெற்ற ‘சூலு’ டைன் நதிக்கரையிலும், நைல் நதிப் பக்கத்து மக்களின் பெயரைப் பெற்ற ‘நூபியன்’ இங்கிலாந்தின் தென்கரையிலும் 1909இல் நீரில் இறக்கப்பட்டன.

முதலாம் உலக யுத்தத்தில் இவ்விரண்டும் டோவர் ஜலசந்தியைக் காத்து நின்றன. 1916 அக்டோபர் 26ஆம் நாள் இரவு ஜெர்மானிய நாசகாரிகள் அந்த ஜலசந்தியிற் புகுந்து தாக்கியபோது, ‘நூபியன்’ டார்ப்பிடோவால் அடிபட்டது. அதன் முற்பகுதி அழிந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே ‘சூலு’ கண்ணிவெடியில் மோதித் தன் பிற்பகுதியை இழந்தது. ஒன்றுக்குத் தலையில்லை, மற்றொன்றுக்கு வாலில்லை. இரண்டையும் உடைத்து இரும்பாக விற்றிருந்தால் எவரும் குறை கூறியிரார்.

கெண்டு மாகாணத்துச் சாட்டம் கப்பற் பட்டறையார் அவ்வாறு செய்யவில்லை. ‘சூலு’வின் முற்பாதியையும் ‘நூபிய’னின் பிற்பாதியையும் பொருத்தி ஒரே கப்பலாக்கினர். ஒரே வகைக் கப்பல்களாதலின் இஃது எளிதாயிற்று என்று நினைத்தல் வேண்டா. அவ்வகைக் கப்பல்களை வெவ்வேறு பட்டறையார் தத்தம் வரைபடத்தின்படியே கட்டினர். சிலவற்றிற்குப் புகைபோக்கி மூன்று, சிலவற்றிற்கு நான்கு, ‘வைக்கிங்’ என்பதற்கோ ஆறு. இணைக்கவேண்டிய இவ்விரண்டின் அகலத்திலேயே மூன்றரை அங்குல வேற்றுமை இருந்தது. ஓரம் ஒத்து வராத இரும்பை அலைகளுக்குத் தாங்குமாறு இணைப்பதற்கு, அந்த வேற்றுமையை முதலில் உள்ளபடி அளந்தறிதல் வேண்டும். ‘எல்லாம் ஒன்றே’ என்று வாயாற் சொல்லிப் பொருத்தியிருந்தால் முதற் புயலிலேயே கப்பல் பிளந்திருக்கும்.

புதிய கப்பலின் பெயரும் இவ்வாறே அமைந்தது. இலக்கணம் கற்ற நம் மாணவர் அதனைக் கண்டு மகிழ்வர். நிலைமொழியாகிய ‘சூலு’வின் ஈறு கெட்டது, வருமொழியாகிய ‘நூபிய’னின் முதல் கெட்டது, எஞ்சியவை புணர்ந்து ‘சூபியன்’ ஆயிற்று. கப்பல்கள் எவ்வெப்பகுதியை இழந்தனவோ, பெயர்களும் அவ்வப்பகுதியையே இழந்தன.

1917 ஜூன் மாதத்தில் ‘சூபியன்’ பணியில் அமர்ந்தது. அவ்வாண்டு பிப்ரவரியிலேயே ஜெர்மானியர் வரையறையற்ற நீர்மூழ்கிப் போரைத் தொடங்கியிருந்தமையால், நாசகாரிகளின் தேவை மிகுந்திருந்த காலம் அது. முன்னைய இரு கப்பல்களும் காத்த அதே ஜலசந்தியை இதுவும் காத்தது. 1918 பிப்ரவரியில் யூ.சி. 50 என்னும் நீர்மூழ்கியை அழித்ததாக அதன் கணக்கில் எழுதப்பட்டது. 1919 டிசம்பரில் அது விற்கப்பட்டது.

இரண்டரை ஆண்டு வாழ்வுக்காக இத்தனை உழைப்பா என்று ஒருவர் வினவலாம். இரு கப்பல் ஒன்றானதில் ஒரு கப்பல் நஷ்டமே அன்றோ என்றும் கேட்கலாம். இரண்டும் நியாயமான கேள்விகளே. அந்நாசகாரிகளில் மாண்ட மாலுமிகளை எந்தப் பட்டறையும் மீட்டுத் தரவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. ஆயினும், ஒரு பொருளின் பயனை அது நீடித்த ஆண்டுகளைக் கொண்டு மட்டும் அளப்பது பிழை; அது வேண்டப்பட்ட வேளையில் உதவியதா என்பதே கேள்வி. ‘சூபியன்’ உதவிற்று. இரண்டை இழந்த இடத்தில் ஒன்று மீண்டது.

நம் கலாசாலைகளில் புதியது காண்பவனுக்குப் பரிசு உண்டு. பழுது பார்ப்பவனுக்கு நன்றி கூறுவாரும் அரியர். சோதனைச் சாலையின் மூலையில் உடைந்த கருவிகள் தூசி படிந்து கிடக்க, புதியன வாங்கவே விண்ணப்பம் எழுதுகின்றோம். அக்கருவியின் எப்பகுதி பழுது, எப்பகுதி நலம் என்று பிரித்தறிவதற்கு, அதனை முதலிற் செய்தவனுக்கு வேண்டிய அறிவில் குறைந்தது போதாது; பல வேளைகளில் மிகுந்ததே வேண்டும். கைத்தொழிலாளியின் வேலை இது, கற்றவனுக்குத் தக்கதன்று என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. ‘சூபிய’னைச் செலுத்திய தலைவர்களைக் கடற்படை ஏடுகளிற் காணலாம், அதனை இணைத்த கைகளோ கதை சொல்லுவார் எவர் நாவிலும் இல்லை. இந்த ஓரவஞ்சனையை மாற்றவேண்டியவர்கள் மாணவர்களே.

மனிதர் கூட்டங்களுக்கும் இது பொருந்தும். பிளவுபட்ட சங்கங்களையும் மனத்தாங்கல் கொண்ட நண்பர்களையும் சேர்க்க முயல்வோர், வேற்றுமையே இல்லை என்று சாதிப்பதால் தோல்வியுறுகின்றனர். வேற்றுமை எத்தனை அங்குலம் என்று அஞ்சாமல் அளந்து, அதற்கேற்ப வேலை செய்பவனே இணைக்க வல்லவன். உடைந்த ஒன்றைக் கண்டால், எறிவதற்கு முன் அளவுகோலைக் கையில் எடுப்போமாக.