ஒன்பதாம் வகுப்பே நாற்றங்கால்!

போடிநாயக்கனூரில் விடியுமுன்னரே உந்துகள் உறுமத் தொடங்கிவிடுகின்றன. ஆணும் பெண்ணும் தூக்குச்சட்டியும் கையுமாய் நெருக்கியடித்து அமர, அவை போடிமெட்டு வளைவுகளில் ஏறி ஏலத்தோட்டங்களுக்கு விரைகின்றன. பொழுது சாய்கையில் அவர்களே களைத்துத் திரும்புகின்றனர். அவர்கள் பறித்த காய் உலர்ந்து கீழிறங்கி, இவ்வூர்க் கிடங்குகளில் பெண்டிர் கையால் பருமன்வாரியாகத் தரம் பிரிந்து, நாடு கடந்தும் மணக்கின்றது. பறித்தவர் வீட்டுப் பிள்ளைகளுள் பலரோ பத்தாம் வகுப்போடு, மிஞ்சினால் பன்னிரண்டாம் வகுப்போடு, அதே உந்தில் ஏறிவிடுகின்றனர். இஃது ஊழன்று, அறிவுக் குறையுமன்று. வாயில் எது, அஃது எப்பொழுது திறக்கும், எப்பொழுது அடைபடும் என்பதை உரிய நேரத்தில் எவரும் எடுத்துச் சொல்லாமையின் விளைவு.

ஏலம் பயிரிடுவோர்க்கு முன்னேற்பாட்டைக் கற்பிக்க வேண்டுவதில்லை. விதையை நாற்றங்காலில் முளைக்க வைத்து, நிழலும் நீரும் காத்து வளர்த்து, சரிவில் நட்ட பின்னும் ஏறத்தாழ மூன்றாம் ஆண்டில்தான் செடி காய்க்கத் தொடங்கும் என்பதை அவர்கள் நன்கறிவர். நட்ட பருவத்திலேயே காய் தேடுவாரைக் கண்டு ஊர் நகைக்கும். உயர்கல்வியும் அத்தகையதே. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாள், 'இனி என்ன படிக்கலாம்?' என்று வினவுவது, நாற்றிடாமலே கூடையெடுத்துக்கொண்டு காயெடுக்கப் போவதை ஒக்கும். உயர்கல்விக்கு ஒன்பதாம் வகுப்பே நாற்றங்கால். சில வாயில்களுக்கு ஆறாம் வகுப்பே நாற்றங்கால்.

மருத்துவக் கல்வியை முதலில் நோக்குக. 2017 முதல் தமிழ்நாட்டின்மீது நீட் தேர்வு சுமத்தப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை நம்பி உழைத்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அதனால் வாயிலுக்கு வெளியே தள்ளப்பட்டனர். அத்தீங்கைச் சிறிதேனும் ஈடுசெய்யவே 2020இல் மருத்துவப் படிப்புகளில் அவர்களுக்கு 7.5 விழுக்காட்டு இடங்களை ஒதுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அத்தகைய ஒதுக்கீடு வந்தது. அவ்வழி இடம் பெறுவாரின் கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கின்றது. நகராட்சிப் பள்ளியும், ஆதிதிராவிடர் நலப் பள்ளியும், தேனி மாவட்டத்தில் உள்ள கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் இதற்கு அரசுப் பள்ளிகளே.

ஆனால் இச்சட்டத்துள் ஒரு முடிச்சு உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலேயே பயின்றிருத்தல் வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டத்தின் வழித் தனியார் பள்ளியில் இடம் பெற்று எட்டு வரை பயின்று, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தார்க்கு மட்டுமே விலக்கு உண்டு. அரசுதவி பெறும் பள்ளியில் பயின்றார்க்கும் இவ்வுரிமை இல்லை. ஆங்கிலப் பள்ளி மயக்கத்தால், காயெடுத்த கூலியையெல்லாம் கட்டணமாகக் கொட்டி, ஆறிலும் ஏழிலும் பிள்ளையைத் தனியார் பள்ளியில் வைத்துவிட்டு, கட்டவியலாமல் ஒன்பதில் அரசுப் பள்ளிக்குக் கொணரும் பெற்றோர், பொருளையும் இழந்தார், உரிமையையும் இழந்தார். அவர் இழந்ததை அவருக்குச் சொன்னவர் யார்?

மலைமேல் வாழும் தமிழர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1956இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. அங்குள்ள தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாய் உழைப்பவர் தமிழர். அவர் பிள்ளைகள் பலர் பயில்வதும் தமிழ்வழியில். எனினும், அவர் பயிலும் பள்ளி கேரள அரசுப் பள்ளியாதலின் 7.5 விழுக்காட்டில் அவர்க்குப் பங்கில்லை. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் போடியிலோ தேவாரத்திலோ உறவினர் வீட்டில் விட்டு அரசுப் பள்ளியில் சேர்த்தால் உரிமை நிற்கும். எட்டு முடித்துச் சேர்த்தால் போயிற்று. மூன்றாண்டு வேறுபாட்டில் ஒரு பிள்ளையின் வாழ்நாள் வேறுபடுகின்றது. எல்லைக்கோடு பிரித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இவ்வொதுக்கீட்டை நீட்டித்தல் தமிழ்நாட்டரசின் கடமையன்றோ?

அடுத்த வாயில் பொறியியல். 2007 முதல் தமிழ்நாட்டில் இதற்குத் தனி நுழைவுத் தேர்வு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பின் கணக்கிற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணித்தே இடம் தருகின்றனர். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய கிண்டிப் பொறியியற் கல்லூரிக்கும், 2012இல் போடியிலேயே தோன்றிய அரசு பொறியியற் கல்லூரிக்கும் இதே கணிப்புத்தான். ஆகவே பதினொன்றாம் வகுப்பில் எப்பிரிவைத் தேர்வது என்பதே வாயிலைத் தேர்வதாகும். கணக்கும் உயிரியலும் சேர்ந்த பிரிவு பொறியியல், மருத்துவம் ஆகிய இரு வாயில்களையும் திறந்து வைக்கும். 'கணக்கு கடினம்' என்று தோழன் சொன்னான் என்பதற்காக அதை விட்டவன், ஒரு வாயிலைத் தன் கையாலேயே சாத்துகின்றான். கணக்கின்மீது அச்சம் பதினொன்றில் பிறப்பதன்று. எட்டிலும் ஒன்பதிலும் பிறப்பது. அங்கேயே அதைக் களைதல் வேண்டும்.

பதினொன்றாம் வகுப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அனைத்திந்தியத் தேர்வுகள் பதினொன்று, பன்னிரண்டு ஆகிய ஈராண்டுப் பாடங்களிலிருந்தும் வினவுகின்றன. முன்னாளில் தனியார் பள்ளிகள் பல பதினொன்றைப் புறந்தள்ளிப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டும் உருப்போட வைத்தன. அக்கேட்டைத் தடுக்கவே 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு கொணரப்பட்டது. 2025-26 முதல் அது நிறுத்தப்பட்டுவிட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்தது நன்றே. ஆனால் பொதுத்தேர்வு இல்லையென்று பாடமும் இல்லையென எண்ணினால் பழைய கேடு திரும்பும்.

மூன்றாவது வாயில், 1959இல் சென்னையில் தோன்றிய இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அதன் உடன்பிறப்புகளும். இவற்றுக்குக் கூட்டு நுழைவு முதன்மைத் தேர்வு, மேனிலைத் தேர்வு என இரண்டு படிகள். மேனிலைத் தேர்வை அடுத்தடுத்த ஈராண்டுகளில் இருமுறை மட்டுமே எழுதலாம். பன்னிரண்டை முடித்த பிறகே இதைப் பற்றிக் கேள்வியுறுபவன், ஒரு வாய்ப்பை அறியுமுன்னரே இழந்துவிடுகின்றான். 2021 முதல் முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். மேனிலைத் தேர்வோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே! இந்திக்காரன் பிள்ளை தாய்மொழியில் எழுதலாம்; தமிழன் பிள்ளை எழுதலாகாது என்றால், இதற்குப் பெயர் தகுதித் தேர்வா? மொழித் தேர்வன்றோ?

தமிழில் வினாத்தாள் தந்தாலும் போதாது. அது பிழையற்றதாய் இருத்தல் வேண்டும். 2018ஆம் ஆண்டு நீட் தேர்வின் தமிழ்த்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் எனச் சென்னை உயர்நயன்மன்றத்தின் மதுரைக் கிளை வரை வழக்குச் சென்றது. ஒரு வினாவுக்கு 4 எனத் தமிழில் எழுதினார்க்கு 196 மதிப்பெண் அளிக்க அது தீர்ப்புரைத்தது. உச்சநயன்மன்றம் அவ்வாண்டிலேயே அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. பிழை செய்தவன் ஒருவன். தண்டம் கட்டியவள் தமிழ்வழிப் பிள்ளை.

'அதனால்தான் ஆங்கிலவழியே வேண்டும்' என்பார் உளர். இது காலில் முள் தைத்ததற்குக் காலை வெட்டும் மருத்துவம். கோதவாடியில் தமிழ்வழியில் பயின்ற மயில்சாமி அண்ணாதுரை 2008இல் நிலவுக்குச் சென்ற சந்திரயான்-1 திட்டத்தை இயக்கினார். குமரி மாவட்டத்து அரசுப் பள்ளியில் தமிழ்வழி பயின்ற சிவன் 2018இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்திற்கே தலைவரானார். தாய்மொழியில் வேரூன்றிய கணக்கும் இயற்பியலும் எம்மொழித் தேர்விலும் கைகொடுக்கும். ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்கு கற்க. அதனை மூளைக்கு முட்டுக்கட்டையாக ஆக்கற்க. மேலும், தமிழ்வழி பயின்றார்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காட்டு முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டம், 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படிப் பள்ளிப் படிப்பையும் தமிழ்வழியில் முடித்திருக்கக் கேட்கின்றது. பதினொன்றில் ஆங்கிலவழிக்குத் தாவுவோர் இதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முன்னேற்பாடு என்பது பதின்மூன்று அகவைப் பிள்ளையைப் பயிற்சி நிலையத்தில் அடைத்து, வீட்டை அடகு வைத்து, விளையாட்டைப் பறிப்பதன்று. இளநாற்றின்மீது உரத்தைக் கொட்டினால் நாற்றுக் கருகும். வாயில்களை அறிதல், அடிப்படையை உறுதி செய்தல், உரிய உதவிகளைத் தவறவிடாமை ஆகிய மூன்றே முன்னேற்பாடு. எட்டாம் வகுப்பில் எழுதும் வருவாய்வழிப் படிப்புதவித் தேர்வில் வென்றால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 உருபா கிடைக்கும். ஒன்பதில் விழித்தவனுக்கு அது கிட்டாது.

இதைப் பெற்றோரிடம் எடுத்துச் செல்லும் கடமை ஆசிரியர்க்குரியது. நண்பகலில் பெற்றோர் கூட்டம் கூட்டினால், மலைமேல் காயெடுக்கும் தாய் எங்ஙனம் வருவாள்? உந்துகள் இறங்கி நிற்கும் மாலைப்பொழுதில், அவை நிற்கும் இடத்திலேயே, ஆறாம் வகுப்பிலும் எட்டிலும் ஒன்பதிலும் செய்ய வேண்டியவற்றை ஒரே தாளில் எளிய தமிழில் அச்சிட்டுத் தருக. எழுத்தறியார்க்குப் படித்துக் காட்டுக. படித்து வேலைக்குச் சென்ற இவ்வூர் இளைஞர், ஊருக்கு வரும் விடுமுறையில் ஆளுக்கொரு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருக. இவற்றுக்கு அரசாணை வேண்டுவதில்லை, உள்ளம் வேண்டும்.

மூன்றாண்டு காத்துக் காய் காணும் பொறுமை இம்மலையடி மக்களிடம் என்றும் உண்டு. அவர்களிடம் இல்லாதது செய்தி ஒன்றே. அதனைத் தமிழில், காலத்தில் கொண்டு சேர்த்தால், பிறர் தோட்டத்திற்கு நாற்று நட்ட கைகள் தம் பிள்ளைகளுக்கும் நாற்றிடும்!