கறுத்த முகங்களும் தானியங்கி வருடியும்



தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் எழுபத்தைந்தாம் ஆண்டு, நூற்றாண்டு என விழா எடுக்கின்றோம். விழாக்குழு அமைந்தவுடன் எழும் முதற் கேள்வி, 'மலருக்குப் பழைய படங்கள் எங்கே?' என்பதுதான். யாரேனும் ஒரு முன்னாள் மாணவர் பிஸ்கட் தகரம் ஒன்றைக் கொண்டுவந்து தருவார். உள்ளே சில படங்களும், அவற்றினும் அரிய நெகட்டிவ் சுருள்களும் இருக்கும். அவற்றை வருடியில் இட்டுத் 'தானியங்கி' என்னும் பொத்தானை அழுத்தி, வந்ததை அச்சகத்துக்கு அனுப்பிவிடுகின்றோம். இப்பழக்கத்தை நாம் கைவிடவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காரணத்தைச் சொல்கின்றேன். தோட்டப்பள்ளிக் குழுப்படம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பத்து மணி வெயில். பின்னால் சுண்ணாம்பு அடித்த சுவர். பிள்ளைகள் அனைவரும் வெள்ளைச் சட்டை. கடைசி வரிசை மட்டும் மர நிழலில் நிற்கின்றது. நெகட்டிவில் ஒளி தலைகீழாகப் பதியும். வெள்ளைச் சட்டை அடர்ந்து கறுத்திருக்கும். நம் பிள்ளைகளின் கறுத்த முகமோ ஏறத்தாழத் தெளிந்த, மெல்லிய பகுதியில் தங்கியிருக்கும். அம்முகத்தின் விவரமெல்லாம் அந்த மெல்லிய பகுதியில்தான் உள்ளது.

தானியங்கி என்ன செய்கின்றது? படத்தின் மிகு வெளிச்சத்தையும் மிகு இருளையும் தேடி, இரு முனைகளிலும் சிறிதளவை வெட்டி எறிந்துவிட்டு, எஞ்சியதை இழுத்து விரிக்கின்றது. வெளிச்ச முனையில் வெட்டினால் சட்டையின் மடிப்பு போகும். இருள் முனையில் வெட்டினால் கண்குழியும் தாடையும் கன்னமும் போகும். இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றே. நமக்கு அப்படியா? அண்மையில் ஒரு பள்ளியின் மலரைப் பார்த்தேன். பெயர் வேண்டா. கடைசி வரிசையில் எட்டுப் பேர். எட்டு வெள்ளைச் சட்டைகள் பளிச்சென நிற்க, அவற்றின்மேல் எட்டுக் கரும்புள்ளிகள்.

இது வருடி வந்தபின் தோன்றிய கேடு அன்று. 1950களில் கோடாக் நிறுவனம் வண்ணப்பட ஆய்வுக்கூடங்களுக்கு ஓர் அளவுகோல் படத்தை அனுப்பியது. 'ஷெர்லி அட்டை' என்பது அதன் பெயர். அதில் இருந்தவர் வெண்ணிறப் பெண்மணி. அவர் முகம் சரியாக வந்தால் அச்சு சரி என்பது கணக்கு. கனடாவின் லோர்னா ராத் 2009இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இவ்வரலாற்றை விரிவாகக் கூறுகின்றது. படச்சுருளைத் திருத்தும் நெருக்குதல், சாக்லேட்டும் மரத் தளவாடமும் விற்போரிடமிருந்தும் வந்ததாம். தங்கள் பண்டங்களின் பழுப்பு வேறுபாடுகள் விளம்பரப் படத்தில் தெரியவில்லை என்று அவர்கள் முறையிட்டனர். மேசை நாற்காலிக்காகக் கிடைத்த நியாயம்!

இனி, செய்யவேண்டியது என்ன? நம் பள்ளிகளில் படச்சுருளுக்கான ஒளித்தட்டு உள்ள சாதாரண மேசை வருடி போதும். தானியங்கித் திருத்தங்கள் அனைத்தையும் முதலில் அணைத்துவிடுங்கள். கறுப்பு வெள்ளைச் சுருளெனில் 16 பிட் சாம்பல் நிறத்தில் வருடுங்கள். 8 பிட் கோப்பில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே 256 படிகளே உள்ளன. 16 பிட்டில் 65,536. இருட்டிலிருந்து ஒரு முகத்தை மேலே கொணர இப்படிகள் தேவை. 35 மில்லிமீட்டர் சுருளை 2400 புள்ளி அடர்த்தியில் வருடினால் ஏறக்குறைய 3400க்கு 2270 அளவில் படம் கிட்டும். மலரின் முழுப் பக்கத்துக்கு அது தாராளம்.

கறுப்பு எல்லையை எங்கே வைப்பது என்பதே இதில் முதன்மையான கேள்வி. நெகட்டிவின் ஓரத்தில் படம் பதியாத தெளிந்த பகுதி உண்டு. ஒளி படாத பகுதி அது. அதைவிடக் கறுப்பு அப்படத்தில் இருக்க இயலாது. கறுப்பு எல்லையை அவ்விடத்தில் நிறுத்துங்கள், அதற்கு மேலே ஏற்றவேண்டா. வெள்ளை எல்லையையும் அடர்ந்த பகுதிக்குச் சற்று அப்பால் தள்ளி வையுங்கள். சுருளைப் பிடிக்கும் சட்டகத்தின் விளிம்பு தெரிவுப் பரப்புக்குள் சிக்கிவிடலாகாது. சிக்கினால் தானியங்கி அதையே வெண்மை எனக் கொண்டு படம் முழுவதையும் சாம்பலாக்கிவிடும். இவ்வாறு வருடிய படம் முதலில் உப்புச் சப்பின்றி இருக்கும். அஞ்சவேண்டா. அதை அப்படியே டிஃப் கோப்பாகச் சேமித்துவிட்டு, ஒரு நகலை எடுத்து அதில் நடுநிறத்தை மெல்ல உயர்த்துங்கள். சட்டையைப் பார்த்தன்று, கடைசி வரிசை முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்து உயர்த்தவேண்டும்.

தூசி நீக்கும் அகச்சிவப்பு வசதி உங்கள் வருடியில் இருந்தால், கறுப்பு வெள்ளைச் சுருளுக்கு அதை அணைத்துவிடுங்கள். படத்தில் உள்ள வெள்ளி அகச்சிவப்பை மறைப்பதால், படத்தையே தூசியென எண்ணி அது அழிக்க முயலும். வண்ணச் சுருளுக்கு நன்று.

ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். படம் எடுத்த அன்றே ஒளி போதாமற் போயிருந்தால், சுருளில் இல்லாத முகத்தை எந்த வருடியாலும் தர இயலாது. இங்கேதான் இக்காலத்துச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் நுழைகின்றன. மங்கிய முகத்தைக் கொடுத்தால் கண்ணும் மூக்கும் துலங்கத் திருப்பித் தருகின்றன. அந்தக் கண் யாருடையது? ஆயிரமாயிரம் பிறர் முகங்களிலிருந்து ஊகித்த கண் அது. இருண்ட முகத்தை இருண்டதாகவே அச்சிடுவது மேல். அதுபோலவே முகத்தை வெளுக்க வைப்பதும் வேண்டா. நடுநிறத்தை உயர்த்தத் தொடங்கிய கை சில வேளை நிற்பதில்லை. பால்மரக் காட்டில் வெயிலேறி நின்றவர் சீமைத் துரையைப்போல் வெளிறிவிடுகின்றார். 'அழகாக இருக்கிறதே' என்று மகிழும் பெற்றோரிடம் நான் இதில் இணங்கிப் போவதில்லை.

'ஒரு குழுப்படத்துக்கு இவ்வளவு மெனக்கெடலா?' என்று கேட்பவர்கள் உளர். செண்டாயான், லாபு, நீலாய் வட்டாரங்களில் பால்மரம் நின்ற இடங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகள். 1969க்குப் பின் வேலை அனுமதிக் கெடுபிடியால் ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் தமிழகம் திரும்பினர். எஞ்சியோரும் சிரம்பானுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் பெயர்ந்தனர். லயம் இல்லை, பிரட்டுக்களம் இல்லை. பல குடும்பங்களில் பாட்டியின் சிறுவயது முகம் இருப்பது பள்ளிக் குழுப்படத்தில் மட்டுமே, அதுவும் கடைசி வரிசையில். தமிழகத்து நிழற்படக் கூடங்களின் பழம்படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியுடன் எண்ணிம வடிவில் சேமித்துள்ளது. நம் தோட்டங்களைத் தேடி அப்படியொரு குழு வரும்வரை சுருள்கள் காத்திருக்குமா என்பது ஐயமே. அசிட்டேட் சுருள் நம் வெப்பத்திலும் ஈரத்திலும் விரைந்து சிதையும். தகரத்தைத் திறந்ததும் புளிக்காடி வாடை வீசினால் சிதைவு தொடங்கிவிட்டது என்று பொருள். அத்தகைய சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, முதலில் அதையே வருடுங்கள்.

வருடி முடிந்தபின் நெகட்டிவைக் குப்பையில் எறியாதீர்கள். நாளை இதைவிடச் சிறந்த வருடி வரும். காகித உறையிலிட்டு உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். கோப்பின் பெயரில் பள்ளி, ஆண்டு, வகுப்பு மூன்றும் இருக்கட்டும். பெயர்ப்பட்டியலைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவேண்டா. படத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கி, தோட்டத்தில் எஞ்சியுள்ள பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் அமர்த்தி, இடமிருந்து வலமாக வரிசை வரிசையாகக் கேட்டு எழுதுங்கள். கடைசி வரிசையிலிருந்து தொடங்குங்கள்.