தம்பதியர் சேர்ந்து அமரும் மேசை

1941-இல் மலாயாவின் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டுமென்றும் கோரியது நம் குடும்பச் சரித்திரத்தில் மறக்கத்தகாத விஷயம். புருஷன் கள்ளுக்கடையிலும் மனைவி அடுப்படியிலுமாகப் பிரிந்து கழித்த அந்தக் காலத்தை நினைக்கையில், இன்று தஞ்சோங் காராங்கில் ஞாயிறு காலை தம்பதியர் எதிரெதிரே அமர்ந்து, ரொட்டி சானாய் உண்டு, தே தாரிக் அருந்தியபடி சாவகாசமாகச் சம்பாஷிப்பதை ஆடம்பரமென்று பெரியவர்கள் கண்டிப்பது எனக்குச் சிறிதும் சம்மதமில்லை. பாசிர் பெனாம்பாங் ஆற்றோர உணவகத்தில் மீனோடு ஒரு குவளை பீர் அருந்த விரும்புவோரும், வாகனம் ஓட்டுபவர் விலகியிருக்க, மனைவியின் சமுகத்தில் அளவறிந்து அருந்துவது, தோழர் கூட்டத்தில் நிதானமிழப்பதைவிட எவ்வளவோ சிரேஷ்டம். ஆறு நாள் சமைத்தவளை ஏழாம் நாளாவது வெளியே அழைத்துச் செல்லக் கணவன்மார் தயங்கலாகாது.