பாலத்துக்கு அப்பால்

லண்டன் மாநகரத்துக்குப் போகிறவர்கள் எதையெதைப் பார்த்துவிட்டு வருவார்கள் என்பது நேயர்களுக்குத் தெரியும். அரண்மனை வாசலில் காவலர் மாறும் வைபவம், பார்லிமெண்டு மணிக்கூண்டு, மெழுகுப் பொம்மைக் காட்சி இவ்வளவும் ஆகிவிட்டால் யாத்திரை பூர்த்தியாகிவிடும். இந்த வாரம் நாம் அந்தப் பக்கமே போகப் போவதில்லை. லண்டன் பாலத்தைத் தாண்டித் தேம்ஸ் நதியின் தென்கரைக்குப் போகிறோம். அங்கேயுள்ள பேட்டையின் பெயரை இங்கிலீஷில் எழுதியிருக்கிறபடி வாசித்தால் 'சவுத்வார்க்' என்று வரும். ஆனால் அவ்வூர் ஜனங்கள் சொல்வது 'ஸதர்க்' என்றுதான். எழுதுவது ஒன்று, சொல்வது வேறொன்று என்பது அந்தப் பாஷைக்குப் பரம்பரைப் பாத்தியதை அல்லவா?

1209-ம் வருஷத்தில் இங்கே கட்டி முடித்த கல் பாலம், ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் லண்டனின் ஒரே பாலமாக இருந்தது. பாலத்துக்கு வடக்கே நகரசபையாரின் ஆட்சி. தெற்கே அவர்களுடைய அதிகாரம் அவ்வளவாகச் செல்லாது. ஆகவே, நகரத்துக்குள் இருந்தால் கௌரவக் குறைவு என்று கருதப்பட்டதெல்லாம் தென்கரையில் வந்து சேர்ந்தது. நாடகக் கொட்டகைகள், கரடியைக் கட்டிவைத்து நாய்களை ஏவிவிடும் வேடிக்கை, சிறைச்சாலைகள், வெளியூர்க்காரர்கள் தங்கும் சத்திரங்கள் எல்லாம் இங்கேதான். ஸ்காட்லாந்தின் சுதந்திரத்துக்காகப் போராடிய வில்லியம் வாலஸின் தலையை 1305-ல் ஈட்டியில் செருகி வைத்ததும் இந்தப் பாலத்தின் மேல்தான். ராஜாங்கத்துக்கு யார் யார் பிடிக்கவில்லை என்பதை, பாலத்தைக் கடக்கிறவர்கள் அண்ணாந்து பார்த்தே தெரிந்துகொள்ளலாம்!

பாலத்திலிருந்து இறங்கியதும், ஒரு பக்கத்தில் ஸதர்க் தேவாலயம். 1607-ம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி ஷேக்ஸ்பியரின் தம்பி எட்மண்டை அடக்கம் செய்தது இங்கேதான். அவனும் ஒரு நடிகன். அதே வருஷத்தில் இதே கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளில் ஒருவர் ஜான் ஹார்வார்டு. அமெரிக்காவின் பிரசித்தி பெற்ற சர்வகலாசாலை தாங்கி நிற்பது அவர் பெயரைத்தான்.

தேவாலயத்தை ஒட்டினாற்போல் பரோ மார்க்கெட். தலைக்கு மேலே ரயில் பாலம். அதன்மேல் வண்டிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும். கீழே பச்சை வர்ணம் பூசிய இரும்புத் தூண்களுக்கிடையில் கடைகள். தேர்ச் சக்கரம் மாதிரி சீஸ் வட்டங்கள், அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி, பனிக்கட்டியின் மேல் பரப்பிய மீன், அங்கேயே உடைத்துப் பச்சையாகவே விழுங்கக் கொடுக்கும் சிப்பி! நம்மில் சாகபட்சணிகளாயிருப்பவர்கள் சிப்பிக் கடையைச் சற்று வேகமாகத் தாண்டிப் போகலாம். வேகவைத்த உருளைக்கிழங்கின்மேல் உருகிய சீஸை வழித்துப் போட்டுக் கொடுக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே வேகத்தைக் குறைத்துக்கொள்வது உசிதம். விலையைக் கேட்டால் மட்டும் கொஞ்சம் திகில் உண்டாகும்.

இந்த மார்க்கெட்டுக்கு ஒரு கதை இருக்கிறது. பல நூற்றாண்டுகளாக இது பாலத்துக்கு நேரே உள்ள பெரிய வீதியிலேயே நடந்துவந்தது. வண்டி போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்ற காரணம் காட்டி, 1755-ல் பார்லிமெண்டு சட்டம் செய்து இதை மூடிவிடத் தீர்மானித்தது. ஊர் ஜனங்கள் அதற்காக அழுதுகொண்டிருக்கவில்லை. தங்களுக்குள் 6,000 பவுன் திரட்டி, வீதியைவிட்டுச் சற்று உள்ளே தள்ளி நிலம் வாங்கி, மறுபடியும் மார்க்கெட்டை ஆரம்பித்தார்கள். இன்றும் அது தனி மனிதர் சொத்து அல்ல. தர்மகர்த்தாக்கள் நிர்வகிக்கும் தர்ம ஸ்தாபனம். 2017-ம் வருஷம் ஜூன் 3-ந் தேதி இரவு, பாலத்திலும் மார்க்கெட்டிலும் கொலைகாரர்கள் மூவர் புகுந்து எட்டுப் பேரைக் கொன்றார்கள். பதினொரு நாட்கள் மார்க்கெட் மூடிக் கிடந்தது. ஜூன் 14-ந் தேதி மௌனமாக நின்று அஞ்சலி செலுத்திவிட்டு, மணியடித்து மறுபடி கடை திறந்தார்கள். கடை திறப்பதும் ஒரு தைரியந்தான் என்பதை அன்றைக்கு அந்த வியாபாரிகள் காட்டினார்கள்.

இனி, சத்திரங்கள். இரவில் பாலத்தின் கதவு சாத்திவிட்டால், பிரயாணிகள் விடியும் வரையில் இக்கரையில்தான் தங்கியாக வேண்டும். ஆகையால் பெரிய வீதி நெடுகச் சத்திரம் சத்திரமாக இருந்தன. சாஸர் என்னும் ஆதி இங்கிலீஷ் மகாகவி, தமது கான்டர்பரி யாத்ரீகர்களைப் புறப்பட வைத்த 'டாபர்டு' சத்திரம் அவற்றில் ஒன்று. 1676-ல் நெருப்புக்கு இரையாகி, மீண்டும் கட்டப்பெற்றது. 1870-களில் இடித்துத் தள்ளிவிட்டார்கள். மகாகவி குடியேற்றிய மண்டபம் என்று அப்போது யாரும் குறுக்கே நின்றதாகத் தெரியவில்லை. நின்றிருந்தாலும் பலன் இல்லை. இப்போது அங்கே இருப்பது ஒரு பெயர்ப் பலகை.

பக்கத்துச் சத்திரமாகிய 'ஜார்ஜ்' பாதி தப்பியது. 1677-ல் கட்டிய கட்டடம். முற்றத்தைச் சுற்றி மூன்று பக்கமும் மர நடையோடிகள் இருந்தன. 1889-ல் ரயில்வே கம்பெனி அவற்றில் இரண்டு பக்கங்களை இடித்தது. மிஞ்சிய ஒரு பக்கம் 1937-ல் தேசியப் பாதுகாப்பு டிரஸ்டின் கைக்கு வந்தது. இன்றும் அங்கே மதுக்கடை நடக்கிறது. நாம் மது அருந்த வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை. முற்றத்துப் பெஞ்சியில் உட்கார்ந்து, சாய்ந்து நெளிந்திருக்கும் அந்த மர நடையோடியைப் பார்ப்பதற்குக் காசு கேட்கமாட்டார்கள்.

அதே வீதியில் இன்னும் சிறிது தூரம் தெற்கே போனால், ஒரு சந்தில் நீளமான செங்கல் சுவர் நிற்கிறது. கடன்காரர்களை அடைத்துவைத்த மார்ஷல்ஸீ சிறையின் மிச்சம் அது. 1824-ல் சுமார் 40 பவுன் கடனுக்காக ஒரு குடும்பஸ்தரை இங்கே அடைத்தார்கள். அவருடைய பன்னிரண்டு வயதுப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பூட்ஸ் மைத் தொழிற்சாலையில் புட்டிகளுக்குக் காகிதம் ஒட்டப் போனான். பையன் பெயர் சார்ல்ஸ் டிக்கன்ஸ். பிற்காலத்தில் 'லிட்டில் டாரிட்' நாவலில் இந்தச் சிறையை உலகமே அறியும்படி எழுதினார். கடன் கொடுத்தவர் பெயரை யார் நினைக்கிறார்கள்?

திரும்பி நதிக்கரையோடு நடந்தால், நாணற் கூரை வேய்ந்த வட்டமான 'குளோப்' நாடக சாலை. ஷேக்ஸ்பியரின் அசல் குளோப் 1613-ல், நாடகத்தின் நடுவே வெடித்த பீரங்கியினால் கூரை பற்றி எரிந்துபோயிற்று. ஒருவர் நிஜாரில் தீப்பிடித்ததாகவும், கையிலிருந்த பீரைக் கொட்டி அணைத்ததாகவும் அந்தக் காலத்துக் கடிதம் ஒன்று கூறுகிறது. மதுவினால் விளைந்த நன்மைகளில் இதைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். 1949-ல் ஸாம் வானமேக்கர் என்ற அமெரிக்க நடிகர் குளோப் இருந்த இடத்தைத் தேடி வந்தார். ஒரு மதுபானத் தொழிற்சாலைச் சுவரில் பதித்த தகடுதான் அவர் கண்ணில் பட்டது. 1970-ல் ஒரு டிரஸ்டு ஸ்தாபித்து, இருபத்துமூன்று வருஷம் பணத்துக்கும் அநுமதிக்கும் அலைந்தார். 1997-ல் புதிய குளோப் திறந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை, 1993-ல் காலமாகிவிட்டார்.

குளோபுக்கு அருகில், 1587-ல் கட்டிய 'ரோஸ்' கொட்டகையின் அஸ்திவாரம் 1989-ல் தட்டுப்பட்டது. ஆபீஸ் கட்டடத்துக்காகத் தோண்டிய இடம் அது. நடிகர்களும் பொதுஜனங்களும் திரண்டு வந்து மறியல் செய்ததன் மேல், கட்டடத்தின் அமைப்பையே மாற்றினார்கள். அஸ்திவாரம் உலர்ந்து வெடித்துவிடாதபடி மணலும் தண்ணீரும் மூடி, அதே ஆபீஸின் அடித்தளத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். டாபர்டு சத்திரத்தை இடித்தபோது இல்லாத மறியல் இது. பெயர்ப் பலகை வைக்கும்படியாகாமல் ரோஸ் தப்பியது. தென்கரைக்குப் போகும் நேயர்கள், மாடத்து விளக்கைப் பார்ப்பதுபோல், அந்த இருட்டறையை ஒரு நிமிஷமாவது எட்டிப் பார்த்துவிட்டு வரவேண்டும்.