ரத்தத்தில் ஊறியதா?



நேற்று கிரிவலப் பாதையில் டீக்கடையில் நின்றிருந்தேன். செருப்பு திருடிப் பிடிபட்ட ஒரு சிறுவனைப் பற்றி, "அது ரத்தத்திலேயே ஊறினது சார்" என்றார் ஒருவர். மனசு கேட்கவில்லை.

இதையே ஒரு காலத்தில் சட்டமாக வைத்திருந்தார்கள். 1871-இல் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சில சாதிகளில் பிறந்தாலே குற்றவாளி; கைரேகை வைக்க வேண்டும். மறுத்த மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3-இல் சுட்டுக் கொன்றார்கள். 1947-இல் இங்கே சட்டம் ஒழிந்தது. அதே குடும்பங்களின் பிள்ளைகள் படித்து ஆசிரியர்களாகவும் அதிகாரிகளாகவும் ஆனார்கள். ரத்தம் மாறவில்லை, பள்ளிக்கூடம் கிடைத்தது.

ஒரே வீட்டில் ஒரு பிள்ளை துறுதுறுவென்றும் இன்னொன்று அமைதியாகவும் இருக்கும். அது பிறவியில் வரலாம். திருட்டு அப்படி வருவதில்லை.

நானும் தப்பு செய்தவன்தான். ஒருநாள் வகுப்பில் பென்சில் டப்பா காணவில்லை. அப்பா ஜெயிலுக்குப் போனவர் என்பதால் ஒருவனை மட்டும் எழுப்பி நிற்கவைத்துப் பையைச் சோதித்தேன். டப்பா அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. அவனிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

தம்பி, இதைப் படித்தால் இந்த வாத்தியாரை மன்னித்துவிடு. இன்று ஆசிரியராக இருக்கும் என் பிள்ளைகளே, யாரையும் அப்பனை வைத்து எடை போடாதீர்கள்.