சின்னச் சிவப்புக் காளானுக்கு என்ன பெயர்?

“ஐப்பசி மழைக்குப் பிறகு வாய்க்கால் கரையிலும் தென்னந்தோப்பு ஓரத்திலும் சுண்டுவிரல் உயரத்தில் ரத்தச் சிவப்பாகக் காளான் முளைத்திருக்கிறது. பிள்ளைகள் ஒரு தட்டு நிறையப் பறித்து வந்துவிட்டார்கள். ‘வெள்ளிக் காசு போட்டு வேகவை, காசு கறுக்காவிட்டால் சாப்பிடலாம்’ என்கிறார் மாமியார். இது என்ன காளான்? பயிருக்குக் கெடுதல் செய்யுமா?” என்று பாபநாசம் வட்டத்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். கைப்பேசியில் எடுத்த படமும் அனுப்பியிருக்கிறார்.

முதலில் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிவிட வேண்டும். வெள்ளிக் காசு, பூண்டு, மஞ்சள், அரிசி எதைப் போட்டாலும் காளானில் விஷம் இருப்பது தெரியாது. எறும்பு தின்றது, நத்தை தின்றது என்பதும் அத்தாட்சி ஆகாது. ஆளைக் கொல்லும் அமானிட்டா காளான்களின் நஞ்சு கொதித்தாலும் அழியாது. வாந்தியும் பேதியும் தொடங்கவே பெரும்பாலும் 6 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிறகு தெளிந்ததுபோல் ஒரு நாள் போக்குக் காட்டிவிட்டு ஈரலைத் தாக்கும். ஆகையால் யாராவது சாப்பிட்டிருந்தால், உடம்புக்கு ஏதாவது செய்யட்டும் என்று காத்திராமல், மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

படத்தில் இருப்பது சின்னச் சிவப்புக் குடை. அடியில் இடைவெளி விட்டுத் தடித்த மடிப்புகள், தொட்டால் மெழுகுபோல் இருக்கும் என்று தோன்றுகிறது. ஹைக்ரோசைபி என்ற மெழுகுக் காளான் இனமாக இருக்கலாம். படத்தை வைத்து அதற்கு மேல் போக வழியில்லை. இந்த இனத்தில் சிவப்பு வகைகள் பல. ஒரே காளான் காலையில் சிவப்பாக இருந்து, வெயிலும் மழையும் பட்டு ஆரஞ்சாக, மஞ்சளாக வெளுப்பதும் உண்டு. கேரளத்து ஹைக்ரோசைபி வகைகளை மட்டுமே லீலாவதி, மணிமோகன், ஆர்னால்ட்ஸ் மூவரும் தனியாக ஆராய்ந்து 2006-ல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளலாம்.

அவற்றில் ஒன்றின் கதை இங்கே உதவும். இலங்கைப் பேராதனைத் தோட்டத்தின் த்வெயிட்ஸ் அனுப்பிய காளான்களை ஆராய்ந்து, பெர்க்லி, புரூம் என்ற இரு ஆங்கிலேயர்கள் 1871-ல் ஒரு சிவப்புக் காளானுக்குப் பெயர் வைத்தார்கள். இன்று அது ஹைக்ரோசைபி ஃபர்மா. வெளித்தோற்றத்தில் மற்றச் சிவப்புக் காளான்களோடு கலந்துவிடும். அதன் அடையாளம் நுண்ணோக்கியில்தான் இருக்கிறது.

மடிப்பைச் சவரத் தகட்டால் மெல்லியதாகச் சீவி, ஒரு சொட்டு நீரில் வைத்துப் பார்த்தால், மேற்பரப்பில் கதாயுதம் போன்ற செல்கள் வரிசையாக நிற்கும். இவை பசிடியங்கள். பொதுவாக ஒவ்வொன்றின் தலையிலும் நான்கு முனைகள், முனைக்கு ஒன்றாகப் பூஞ்சாண வித்து. (காளான் வளர்க்கக் கடையில் வாங்கும் ‘காளான் வித்து’ இதுவல்ல, அது தானியத்தில் வளர்த்த பூஞ்சாண இழை.) பெரும்பாலான காளான்களில் இவை ஒரே அளவாக இருக்கும். ஹைக்ரோசைபி ஃபர்மாவிலோ பசிடியங்களும் இரண்டு அளவு, வித்துகளும் இரண்டு அளவு: ஒரே மடிப்பில் பெரிசும் சிறிசும் கலந்திருக்கும். வித்தின் அளவை மைக்ரானில் சொல்வார்கள். 10 மைக்ரான் வித்துகளை வரிசையாக அடுக்கினால் 5 மில்லிமீட்டர் அரிசி ஒன்றின் நீளத்துக்கு 500 தேவைப்படும். கண்ணால் பார்த்து யார் சொல்ல முடியும்?

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காம்பை வெட்டிவிட்டு, குடையை மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி பாதி வெள்ளை, பாதி கறுப்புக் காகிதத்தில் கவிழ்த்து, மேலே ஒரு டம்ளரால் மூடி இரவு முழுக்க வைக்க வேண்டும். காலையில் வித்துத்தூள் கோலமாகப் படிந்திருக்கும். மெழுகுக் காளானுக்கு வெள்ளை. துருப்பழுப்போ இளஞ்சிவப்போ விழுந்தால் வேறு இனம். ஆனால் வெள்ளை விழுந்தால் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை, அமானிட்டாவுக்கும் வெள்ளைதான். நம் வைக்கோல் காளானுக்கு இளஞ்சிவப்பு. இந்த வித்தியாசம் தெரியாமல், தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் அமானிட்டாவை ஊர் வைக்கோல் காளான் என்று சமைத்து உயிரிழந்திருக்கிறார்கள். வைக்கோல் காளான் வேண்டுமானால் வளர்த்தே சாப்பிடலாம். கோயம்புத்தூரில் 1940-களிலேயே வளர்த்துக் காட்டிய பயிர் அது.

பயிரைப் பற்றிய கேள்விக்கு வருவோம். மெழுகுக் காளான் நெல்லுக்கோ தென்னைக்கோ நோய் தருவதில்லை. மருந்து தெளிக்கத் தேவையில்லை. ஐரோப்பாவில் உரம் போடாத பழைய மேய்ச்சல் தரையின் அடையாளமாகவே இதைப் பார்க்கிறார்கள். ஆனால் தோப்பில் பார்த்தது குடையாக இல்லாமல், தென்னையின் தூரில் ஒட்டிக்கொண்டு, மரக்கட்டைபோல் கெட்டியாக, செம்பழுப்பில் பளபளத்தால் விஷயம் வேறு. அது கானோடெர்மா, அதாவது தஞ்சாவூர் வாடல் நோய். 1952 புயலுக்குப் பிறகு இந்த மாவட்டத்தில் கவனத்துக்கு வந்து ஊர்ப் பெயரையே வாங்கிக்கொண்ட நோய். அடிமரத்தில் செம்பழுப்பு நீர் வடிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். நோய் கண்ட மரத்துப் பாத்தித் தண்ணீர் அடுத்த மரத்துக்குப் பாயக் கூடாது. மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இட வேண்டும்.

சிவப்புக் காளானின் பெயரைத் தெரிந்தே ஆக வேண்டுமென்றால், அடிக்காம்பு உடையாமல் மண்ணோடு தோண்டி எடுத்து, பச்சையாக இருக்கும்போதே நிறம், உயரம், வாசனை, முளைத்த இடம் ஆகியவற்றை எழுதி வைத்து, நிழலில் நன்றாக உலர்த்த வேண்டும். பாலிதீன் பையில் போட்டால் மறுநாளே அழுகிவிடும். காகித உறைதான் சரி. வித்துத்தூள் விழுந்த காகிதத்தையும் சேர்த்து நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம். தட்டில் மிச்சமிருப்பதைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, பிள்ளைகள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.