பாசனம் பெருகியது, கீரை எங்கே போனது?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மானாவாரிக் கொல்லையில் ராகி மட்டும் விளைந்ததில்லை. இடையிடையே சால் போட்டு அவரை, துவரை, காராமணி விதைப்பார்கள். களையெடுக்கப் போன பெண்கள் பண்ணைக்கீரையையும் குப்பைக்கீரையையும் மடியில் கட்டிக்கொண்டு திரும்புவார்கள். ராத்திரிக் களிக்கு அதுதான் கடைசல். காசு கொடுத்து வாங்காத அந்தக் கீரையை எந்த விளைச்சல் கணக்கும் சேர்த்துக்கொண்டதில்லை; அது குறைந்தபோதும் எந்தக் கணக்கும் துண்டு விழவில்லை.

1990-ல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது. தமிழகத்தின் பாசனப் பரப்பில் பாதிக்கும் மேல் இன்று கிணற்றுத் தண்ணீரை நம்பியிருக்கிறது. போர் போட்டுத் தண்ணீர் கண்டவர்கள் தக்காளி, கரும்பு, பூ என்று மாறினார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மழை பொய்த்துக் கடனாளியான குடும்பத்துக்கு மோட்டார் கொடுத்த நிம்மதி பெரிது. பிள்ளைகள் கல்லூரிக்குப் போனது அந்தத் தண்ணீரால்தான். ஆனால், அதே வீட்டுப் பெண்ணின் உடம்பில் என்ன சேர்ந்தது?

2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4% பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 55%. 2019-21 கணக்கெடுப்பில் எடை குறைந்த பெண்கள் 12.6% பேர்தான். வயிறு நிறைகிறது, ரத்தம் ஊறவில்லை. ரத்தசோகைக்குக் காரணங்கள் பல. பாசனத்தின் தலையில் எல்லாவற்றையும் கட்ட முடியாது. ஆனால், பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம், ஆணுக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். தேவை கூடுதலாக உள்ளவர்தான் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிச்சமிருப்பதைச் சாப்பிடுகிறார். பயறும் கீரையும் தாராளமாக இருந்தால் கடைசியாக உட்காருபவருக்கும் மிஞ்சும். விலைக்கு வாங்கும் பொருளாகிவிட்டால் முதலில் குறைவது அவர் தட்டில்தான்.

இன்றைய தக்காளித் தோட்டம் ஒன்றைப் பாருங்கள். பாத்தி முழுக்க நிலப்போர்வை. விவசாயிகள் சொல்வதுபோல் மல்ச்சிங் ஷீட். அதற்கடியில் சொட்டுநீர்க் குழாய். ஷீட்டில் அளவெடுத்துத் துளையிட்ட இடத்தில் ஒரு நாற்று. வேறு எதுவும் முளைக்க வழியில்லை. தண்ணீர் மிச்சம், களைக்கூலி மிச்சம். அந்தக் கூலியை நம்பியிருந்த நிலமற்ற பெண்ணுக்கோ கூலியும் போயிற்று, மடிக்கீரையும் போயிற்று. பூத்தோட்டத்தில் வேலை கிடைக்கிறதே என்றால், விடியுமுன் பறிக்க இறங்க வேண்டும். காலைச் சாப்பாடு பதினோரு மணிக்குத் தள்ளிப்போகும், இல்லையென்றால் டீயோடு முடிந்துபோகும். தீவனப் பயிருக்குத் தண்ணீர் இருப்பதால் கறவை மாடு வந்தது. பால் சொசைட்டிக்குப் போகிறது.

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு சுமையும் உண்டு. பாறையிலேயே ஃபுளோரைடு உள்ள பூமி இது. நிலத்தடி நீர் இறங்க இறங்கப் போரும் ஆழமாகிறது. ஊர் குடித்ததும் அந்தத் தண்ணீரைத்தான். பல்லிலும் எலும்பிலும் பாதிப்பு பெருகியதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து; அரிசியில் அது பத்து மில்லிகிராமைச் சுற்றித்தான். எலும்புக்கு ராகி மிகவும் தேவைப்பட்ட ஊர்களிலேயே அரிசி அதன் இடத்தைப் பிடித்தது. 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் இரண்டு கிலோ ராகி கொடுக்கத் தொடங்கியது நல்ல முடிவு. ஆனால், அந்தக் கொல்லையிலிருந்த அவரையையும் கீரையையும் ரேஷன் கடையால் தர முடியாது.

பாசனம் பெண்ணின் தட்டை நிறைத்த இடங்களும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில், கலாலே வட்டாரத்தில் 2007-ல் சூரியசக்தியால் இயங்கும் சொட்டுநீர்ப் பாசனத்தைப் பெண்கள் குழுக்களிடமே ஒப்படைத்தார்கள். என்ன பயிரிடுவது, எதை விற்பது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். விளைந்த காய்கறியில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வீட்டுக்கு எடுத்துக்கொண்டு, பெரும்பகுதியை விற்றார்கள். வீட்டுச் சாப்பாட்டில் காய்கறி கூடியது, கையில் காசும் சேர்ந்தது.

இங்கே சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனம் 100% மானியத்தில் கிடைக்கிறது. விண்ணப்பத்தோடு சிட்டாவும் அடங்கலும் வைக்க வேண்டும். சிட்டா பெரும்பாலும் ஆண் பெயரில். நாட்டின் விவசாயக் கைப்பற்றுகளில் பெண்கள் நடத்துபவை சுமார் 14% என்கிறது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு. கணவன், மனைவி இருவர் பெயரிலும் விண்ணப்பம் பெறுவதும், மானியக் குழாயிலிருந்து ஐந்து சென்ட் கீரை, அவரைத் தோட்டத்துக்குத் தனி வால்வு கொடுப்பதும் அரசுக்குப் பெரிய செலவல்ல. நிலமில்லாத பெண்களுக்குப் பஞ்சாயத்துக் கிணற்றடியில் குழுவாகப் பயிரிட இடம் ஒதுக்கலாம்.

அளவிடவும் வழி இருக்கிறது. பத்து உணவு வகைகளில் ஐந்தையாவது நேற்று சாப்பிட்டாரா என்று பெண்களிடம் கேட்டுப் பதியும் முறை உலகம் முழுக்கப் புழக்கத்தில் உள்ளது. சொட்டுநீர் போட்ட ஊரில் எத்தனை ஏக்கர் என்று எழுதும் பதிவேட்டிலேயே, போடுவதற்கு முன்பும் இரண்டு வருடம் கழித்தும் இந்தக் கேள்வியையும் கேட்டு எழுத வேண்டும். நிலம் உள்ள வீட்டில் மட்டுமல்ல, அங்கே கூலிக்குப் போகிறவர் வீட்டிலும்.